ஒரு நாளும் நின்றதில்லை என்று சொன்னேன்

என் கார் சிக்னலில் தானாக அணைந்துபோகும் என்பதை இருபது மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டிக்குத் தெரியும். பக்கத்து ஸீட்டில் உட்காருகிறவளிடம் எதை மறைக்க முடியும்? மற்றபடி ஆபீஸ், தெரு, சர்ச், சொந்தபந்தம் என்று எல்லாரிடமும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். "ஒரு நாள்கூட நின்னதில்ல சார்." சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போய், யாராவது வண்டியைப் பார்த்து நின்றாலே அந்த வாக்கியம் தானாக வெளியே வந்துவிடும்.

அந்த வண்டியை ஏன் வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை வெறும் புளுகன் என்று நினைத்துக்கொள்வீர்கள். தொண்ணூற்றொன்பதில் நான் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில், மோட்டார் கிளெய்ம் பிரிவில் இருந்தேன். நசுங்கிய வண்டிகளைப் பார்ப்பதுதான் வேலை. எந்த வண்டியின் முன்பக்கம் எப்படி மடங்கும், எதன் கதவு வெறும் தகரம் என்று எனக்கு மனப்பாடம். கொரியாக் கம்பெனி அப்போதுதான் சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலை போட்டு வண்டியை வெளியே விட்டிருந்தது. லாரியில் மோதிய ஒன்றைப் பார்க்கப் போனேன். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் நடந்து இறங்கியிருந்தார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். யோசிக்க உட்கார்ந்தால் உடம்பெல்லாம் அரிக்கும், சட்டென்று எதையாவது செய்துவிட்டால்தான் அடங்கும்.

பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் தெருவில் அந்த வண்டி வந்து நின்றபோது சிரிக்காதவர்கள் குறைவு. கூரை உயரமாக, முகம் உப்பினாற்போல, ஒரு தினுசாக இருக்கும். எதிர்வீட்டுக்காரர் அரசாங்கத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். ஊரில் பாதிப் பேர் வைத்திருந்த பழைய சின்னக் கார்தான் அவரிடமும் இருந்தது. அவர் என் வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தார், டயரை ஒரு உதை உதைத்தார்.

"கொரியாக்காரன் டிவி செய்வான், மிக்ஸி செய்வான். காரும் செய்வானா? மூணு வருஷத்துல கடையக் கட்டிட்டுப் போயிடுவான் பாரு. அப்புறம் ஸ்பேர் பார்ட்டுக்கு நீ கொரியாவுக்கு லெட்டர் போடு" என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். என் பெண்டாட்டியும் சிரித்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்தக் கம்பெனிக்குச் சம்பளம் வாங்காத வக்கீலாக ஆகிவிட்டேன். பெட்ரோல் பங்கில், சர்ச் வாசலில், சிக்னலில் கண்ணாடியைத் தட்டி "எப்படி சார் வண்டி?" என்று கேட்கிறவர்களிடம், பச்சை விளக்கு விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்வரை பேசுவேன். பிக்கப் எப்படி, ஏசி எப்படி, உயரமானவர்களுக்கும் தலை இடிக்காமல் எப்படி. எல்லாம் உண்மைதான். முதல் ஒரு வருஷம் வண்டி அப்படித்தான் ஓடியது.

கொஞ்சம் கொஞ்சமாக ஊரும் மாறியது. ஆபீஸில் ஒருவர் வாங்கினார், பிறகு மூன்று பேர். கொரியாவிலிருந்து வந்த இன்னொரு கம்பெனி அந்த வருஷங்களில் தள்ளாடிப்போய் நின்றது. எதிர்வீட்டுக்காரர் பேப்பரை எடுத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்து, "போச்சா உன் கம்பெனி?" என்றார். "இது வேற, அது வேற சார்" என்று அரை மணி நேரம் விளக்கினேன். என் கம்பெனி போகவில்லை. ரோட்டில் அந்த உயரக் கூரை நாளுக்கு நாள் அதிகமாகத் தெரிந்தது. வண்டி வாங்க நினைக்கிற எல்லாரும் "மோட்டார் இன்சூரன்ஸ்ல இருக்காரே, அவரக் கேளு" என்று என்னிடம் அனுப்பப்பட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கிறேன், எஞ்சின் வேகம் காட்டுகிற முள் மெல்லக் கீழே இறங்கி எஞ்சின் அணைந்துவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்ததும் எடுத்துக்கொண்டது. மறுநாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் மறுபடி. வாரத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை என்று அது ஒரு வியாதி மாதிரி தங்கிவிட்டது.

சர்வீஸ் சென்டரில் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். போனேன். ஆனால் அங்கே முன்ஹாலில் புது வண்டி பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சூப்பர்வைசருக்கு என்னைத் தெரியும். நான் நுழைந்தாலே, "இதோ சாரயே கேளுங்க, மோட்டார் கிளெய்ம்ல இருக்கார், நம்ம வண்டிதான் வச்சிருக்கார்" என்று என்னை அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். எல்லார் கண்ணும் என்மேல் இருக்கும். "ஒரு நாள்கூட நின்னதில்ல" என்று சொல்லிவிட்டு, அதே வாயால் கவுண்டரில் போய் "வண்டி நின்னு நின்னு போகுது" என்று எப்படிச் சொல்வது? ஆயில் மாற்று, கழுவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். கடைசியில் ஒரு காகிதம் தருவார்கள். திருப்தியா இல்லையா என்று கட்டங்கள் இருக்கும். மிகவும் திருப்தி என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

நீலசந்திராவில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் இரகசியமாக ஒரு தடவை கொண்டுபோனேன். இருபது வருஷம் கார்பரேட்டரில் கைவைத்தவர். பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இதுல கார்பரேட்டரே இல்லியே சார்" என்றார். "எல்லாம் கம்ப்யூட்டரு. எதையாவது தொட்டு பேஜாரு பண்ணிடுவேன். கம்பெனிக்கே போயிடுங்க."

அதற்குப் பிறகு நானே ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். சிக்னலில் வலது காலின் முன்பாதத்தால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, குதிகாலை ஆக்ஸலரேட்டர் பக்கம் சாய்த்து லேசாக அழுத்திக்கொண்டே இருப்பேன். எஞ்சின் அணையாது. ஒவ்வொரு சிக்னலிலும் கால் நடுங்கும். "ஒங்க கௌரவத்துக்கு ஒங்க காலுதான் ட்யூட்டி பாக்குது" என்பாள் பெண்டாட்டி. நான் முறைப்பேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இதுவரை எல்லாம் என் தலையோடு போகிற விஷயம். என் தங்கச்சி கார் வாங்க வேண்டி வந்ததில்தான் எல்லாம் கெட்டது.

தங்கச்சி ஆனேக்கல்லில் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவள் புருஷன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் அவரை மாப்ளே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நாற்பத்துமூன்று வயதில் அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பெங்களூருக்கு வந்து நாலு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால் முகம் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார், இந்த இரண்டு நாளும்தான் அவர் உயிர் என்று. ஆறு மாதம் பஸ்ஸில் வந்தார்கள். சந்தாபுரத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். திரும்பிப் போகும்போது அவருக்கு நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. படிக்கட்டிலேயே வாந்தி எடுப்பார், கண்டக்டர் திட்டுவார். ஒரு நாள் பாதி வழியில், "நான் இனிமே வரல, என்ன இப்படியே வீட்ல விட்டுடு" என்று சொல்லிவிட்டாராம். அன்றுதான் தங்கச்சி கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தாள்.

லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். சர்ச் முடிந்து சாப்பாட்டு நேரம். எதிர்வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். தங்கச்சி எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"அண்ணா, எந்த வண்டி வாங்கட்டும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. வழியில நிக்காம போகணும், அவ்ளோதான். இவர வச்சிக்கிட்டு நடுரோட்ல என்னால நிக்க முடியாது."

எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. "கேக்கறாளே, சொல்லு. உன் கொரியாவ நம்பிக் குடுப்பியா?" என்றார்.

ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். சமையலறைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய், ஒரு சின்னத் தொந்தரவு இருக்கிறது, என்ன என்று விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் பெண்டாட்டி குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"கண்ண மூடிட்டு வாங்கு" என்றேன். "ரெண்டு வருஷமா ஓட்டறேன். ஒரு நாள்கூட நின்னதில்ல."

அவள் வாங்கிவிட்டாள். என் வண்டியேதான், நிறம் மட்டும் வேறு.

என் வண்டியில் இருக்கிற கோளாறு அவள் வண்டியில் ஏன் வரவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தட்டில் இட்லி ஒன்று வேகவில்லை என்றால் எல்லாமா வேகாமல் போகும்? இப்படி ஆயிரம் சமாதானம். ஆனாலும் செவ்வாயும் வெள்ளியும் ஆபீஸில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. ஒன்பதரைக்கு அவர்கள் ஆனேக்கல்லை விட்டிருப்பார்கள். வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. அதைத் தாண்டியிருப்பார்களா? பத்தேகாலுக்கு மடிவாளா நெரிசல். பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்த பூத்திலிருந்து தங்கச்சி போன் செய்து "வந்துட்டோம்ணா" என்பாள். அந்த போன் வரும்வரை மூன்று தடவை டீ குடிக்கப் போவேன். ஃபைலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். எந்த போன் அடித்தாலும் நான்தான் முதலில் எடுப்பேன். பக்கத்து மேஜைக்காரர், "யாரு சார் அது, செவ்வா வெள்ளி விரதமா?" என்று கிண்டல் செய்தார். அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

சில நாள் மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரிக்கே ஓடுவேன். மாப்பிள்ளை மெஷினோடு படுத்திருப்பார். தங்கச்சி வெளி பெஞ்சில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருப்பாள்.

"வண்டி எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதுண்ணா."

அவள் நிமிர்ந்து பார்க்காமல்தான் சொல்வாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும். எனக்கு அந்த பதில் கிடைத்தால் போதும், மூச்சு விட்டுக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பிவிடுவேன். அதற்கு மேல் நோண்டிக் கேட்கப் பயம். ஒரு தடவை மட்டும் பொதுவாகச் சொல்வதுபோல, "சிக்னல்ல நிக்கறப்போ ஏசிய அணைச்சுட்டா மைலேஜ் நல்லா குடுக்கும்" என்றேன். "அவருக்கு ஏசி இல்லாம ஆகாதுண்ணா, தூசி பட்டாலே குமட்டுது" என்றாள். சரிதான் என்று தலையாட்டினேன். எவ்வளவு கோழை நான். இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

இதற்கிடையில் எதிர்வீட்டுக்காரரும் பழைய வண்டியை விற்றுவிட்டு அதே கொரியா வண்டியை வாங்கினார். டெலிவரி எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார். "நீ ஜெயிச்சுட்டே" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அத்தனை நாள் காத்திருந்தது அந்த நிமிஷத்துக்குத்தான். உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தேன். சந்தோஷமே வரவில்லை.

தங்கச்சி வண்டி வாங்கிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போன் செய்தாள். "நாளைக்கு நீ வந்து அவரக் கூட்டிட்டுப் போறியாண்ணா? எனக்கு உடம்பு சரியில்ல. உன் வண்டியிலயே வா." குரல் ஒரு மாதிரி இருந்தது. காய்ச்சலா என்றேன், இல்லை என்றாள், வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுக்கொண்டு போனேன். தங்கச்சி வாசல்வரை வந்து அவரைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். அவள் வண்டி ஓரத்தில் நின்றது, மேலே தூசி படிந்திருந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மடிவாளாவுக்கு முன்னால் ஒரு பெரிய சிக்னல். ஏசி போட்டிருந்தேன். மாப்பிள்ளை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தங்கச்சிக்கு என்ன ஆயிற்று என்ற யோசனையிலேயே இருந்ததால் குதிகால் வித்தையை மறந்துவிட்டேன். முள் இறங்கியது, எஞ்சின் அணைந்தது. பதறிப்போய் சாவியைத் திருகினேன், எடுக்கவில்லை. மறுபடி திருகினேன். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரோ ஒருவர் ஜன்னலைத் தட்டி, "ஏனாய்து சார், தள்ளணுமா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டது.

சிக்னலைத் தாண்டியதும் மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். பிறகு மெதுவாக, "மச்சான், உங்க வண்டியும் நிக்குமா?" என்றார்.

அந்த "உங்க வண்டியும்" என்பதைக் கேட்டதும் ஆக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

"அவ வண்டி நிக்குதா மாப்ளே?"

"வாங்கின மூணாம் மாசத்துலேர்ந்து நிக்குது. அவளுக்கு ஓட்ட வரலேன்னு நெனச்சிட்டிருக்கா மச்சான். அண்ணன் வண்டி ஒரு நாளும் நின்னதில்ல, என் கையிலதான் நிக்குதுன்னு ஒரே அழுகை. சர்வீஸ்ல ஒருவாட்டி பயந்துகிட்டே சொன்னா. அந்தப் பையன், கிளட்ச சரியா மிதிங்க மேடம்னு சொல்லிட்டான். சரிதானேன்னு மறுபடி டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தா. ஒரு மாசம் காலைல அஞ்சரைக்கு எழுந்து போனா. பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரியாது."

 

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றார். "அண்ணன் எல்லார் முன்னாடியும் சொல்லி வாங்கிக் குடுத்தது, நான் ஓட்டத் தெரியாம அவர் பேரக் கெடுக்கக்கூடாதுன்னு."

"அவளுக்கு இப்ப என்ன உடம்புக்கு?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. செவ்வாக்கிழமை ரயில்வே கேட்ல தண்டவாளத்து மேலயே நின்னுடுச்சு. முன்னாடி லாரி, மெல்ல மெல்ல நகர்ந்து போயிட்டிருந்தோம். நின்னதும் எடுக்கவே இல்ல. கேட்காரர் கொடியக் காட்டிட்டு ஓடி வந்து, ஓட்டத் தெரியாதான்னு கன்னடத்துல கத்தறார். என்னால இறங்கி ஓட முடியாதில்ல மச்சான், அன்னிக்குக் காலு ரெண்டும் வீங்கியிருந்தது. நீ இறங்கிடுன்னு சொன்னேன். அவ இறங்கினா. சுத்தி என் பக்கம் வந்து கதவத் திறந்து, என் அக்குள்ல கையக் குடுத்து இழுத்தா. அப்புறம் பால் வண்டிக்காரங்க நாலு பேர் வந்து வண்டியத் தள்ளிட்டாங்க. ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. ஆனா அது அவளுக்குத் தெரியாதே. வீட்டுக்குப் போனதும், உங்களக் கொன்னிருப்பேன், இனிமே நான் ஓட்டமாட்டேன்னு சொல்லிட்டா. வண்டிய விக்க ஆள் சொல்லியாச்சு. அடுத்த வாரத்துலேர்ந்து பஸ்ஸுதான்."

பிறகு அவரே, "பஸ்ல என்னால முடியாது மச்சான். அவளுக்கும் தெரியும். பாப்போம்" என்றார். ஏதோ மழை வருமா என்று பேசுவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அவரை மெஷினில் படுக்க வைத்துவிட்டு நேரே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முன்ஹாலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே எழுந்து, "வாங்க சார், இதோ சாரயே கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

"என் வண்டி நிக்குது" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "இருபது மாசமா சிக்னல்ல நிக்குது. என் தங்கச்சி வண்டியும் நிக்குது. தண்டவாளத்துல நின்னிருக்கு."

சூப்பர்வைசர் என் தோளில் கைவைத்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். ஒரு ஆள் வந்து எஞ்சினுக்குக் காற்று போகிற வழியில் ஒரு சின்ன வால்வைக் கழற்றினான். உள்ளே கரி அடைந்திருந்தது. பெட்ரோல் சரியில்லாவிட்டால் சீக்கிரம் அடைக்குமாம். ஏதோ ஒரு ஸ்ப்ரே அடித்து, துணியால் துடைத்து, திரும்ப மாட்டினான். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்ளோதான் சார். ஃப்ரீயாவே பண்ணியிருப்போம். நீங்க சொன்னாத்தானே தெரியும்?" என்றார் சூப்பர்வைசர். "யாருமே சொல்றதில்ல சார். எல்லாரும் சூப்பர் சூப்பர்னு டிக் அடிச்சுக் குடுத்துட்டுப் போயிடறாங்க."

எத்தனை பேர் என்னைப் போல இருந்தார்களோ தெரியாது. சிரித்த தெருவுக்கு முன்னால் தோற்கக்கூடாது என்று எத்தனை பேர் குதிகாலை நடுங்க வைத்துக்கொண்டு சிக்னலில் நின்றார்களோ. வண்டி நல்ல வண்டிதான். அந்தப் பேருக்கு அது தகுதியானதுதான். நான்தான் தகுதியில்லாதவன்.

சாயங்காலம் ஆனேக்கல்லில் மாப்பிள்ளையைப் படுக்க வைத்தபின் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் நாற்காலியில் நோட்டுப் புத்தகக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன், உட்கார முடியவில்லை. உனக்கு ஓட்ட நன்றாக வருகிறது, கோளாறு வண்டியில், என் வண்டியிலும் இருந்தது என்றேன்.

அவள் சிவப்பு மைப் பேனாவை மூடினாள். "எப்போலேர்ந்து?"

"நீ வாங்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடிலேர்ந்து."

"அன்னிக்கு நான் கேட்டப்போ உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

அவள் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது செய்தால் தேவலை என்று இருந்தது. அவள் எழுந்து உள்ளே போய் அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தாள். "நாளைக்கு வந்து என் வண்டிய எடுத்துட்டுப் போய் சரி பண்ணிட்டு வா" என்றாள். காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அந்த வீட்டிலிருந்து காப்பி குடிக்காமல் கிளம்பியது அன்று ஒரு நாள்தான்.

செவ்வாய்க்கிழமை நானும் போனேன். நான் ஓட்டுகிறேன் என்றேன். "பின்னாடி உக்காரு" என்றாள். மாப்பிள்ளை முன்னால், நான் பின்னால். கேட் பக்கம் வரும்போது மணி அடிக்க ஆரம்பித்தது, கேட்டை இறக்கினார்கள். எங்கள் வண்டிதான் முதலாவதாக நின்றது.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் நியூட்ரலில் போட்டாள். கைபிரேக்கைத் தூக்கினாள். பிறகு இரண்டு காலையும் பெடல்களிலிருந்து எடுத்து, ஸீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டாள், தரையில் சம்மணம் போடுவதுபோல. எஞ்சின் ஒரே சீராக ஓடியது. ரயில் வர வெகுநேரம் ஆயிற்று. நான் முள்ளைப் பார்த்தேன், மாப்பிள்ளையும் அதைத்தான் பார்த்தார். அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ரயில் வந்து, பெட்டி பெட்டியாகப் போய் முடிந்தது.

அவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"பதினோரு மாசம்ணா. எனக்குக் கையாலாகாதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இவர நான் கொல்லப்போறேன்னு தினமும் நெனச்சிக்கிட்டுத்தான் சாவிய எடுப்பேன்."

"தப்புதான்மா" என்றேன்.

"கேட் திறந்துட்டாங்க" என்றார் மாப்பிள்ளை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காலைக் கீழே இறக்கினாள். கிளட்சை விட்டது எனக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு பதமாக வண்டி நகர்ந்து தண்டவாளத்தைத் தாண்டியது. என்னைவிட நன்றாக ஓட்டினாள். எப்போதும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறாள்.